இரவல் பெருமூச்சு

செண்பகவடிவு பெருமூச்சு விட்டால் பாளையங்கோட்டையில் கொடியில் காய்கிற வேட்டி திருநெல்வேலி ஜங்ஷனில் போய் விழும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். பாதி வழியில் இருக்கிற வண்ணாரப்பேட்டை வரைக்கும்தான் போகும்.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் விசில் ஊதினால் மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகள் மட்டுமில்லை, ரோட்டில் போகிற பஸ்ஸும் நிற்கும். ஓய்வுக்குப் பிறகு அந்த நெஞ்சுக்கு வேலை இல்லாமல் போயிற்று. உள்ளே சேர்ந்த காற்றெல்லாம் பெருமூச்சாக வெளியே வர ஆரம்பித்தது. கத்திரிக்காய் விலை கேட்டால் ஒன்று, வாங்கி வந்த கத்திரிக்காயை வெட்டிப் பார்த்தால் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏற்றம், நடுவில் ஒரு நிறுத்தம், கடைசியில் 'ம்ஹும்' என்று ஒரு முடிப்பு.

அன்றைக்குக் காலையில் அவள் இதய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி வராந்தாவில் காபி பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே படுத்திருந்தவர் அவளுடைய சம்பந்தி ஆவுடையப்பன். முந்தின நாள்தான் அவர் நெஞ்சைத் திறந்து, அடைத்துக் கிடந்த ரத்தக் குழாய்களுக்கு மாற்றுப் பாதை போட்டு மூடியிருந்தார்கள். அவள் வந்தது அவரைப் பார்க்க இல்லை. மகள் கோமதிக்குக் காபி கொடுக்க. இதை வாட்ச்மேன், லிஃப்ட்காரர், பக்கத்து நாற்காலிக்காரர் என்று எதிர்ப்பட்ட எல்லாரிடமும், அவர்கள் கேட்காமலேயே சொல்லியிருந்தாள்.

சொல்லாமல் என்ன செய்வாள். ஆவுடையப்பன் பஸ் டிப்போ மேனேஜராக இருந்தவர். அவர் வீட்டில் பால் பொங்குவதற்குக்கூட நேரம் உண்டு. முந்திப் பொங்கினால் பாலுக்கு மெமோ. கோமதிக்கும் அவர் மகன் நயினாருக்கும் கல்யாணம் முடிந்து மறுவீட்டுச் சாப்பாடு நடந்தது. திருநெல்வேலிக்காரர்களுக்கு மறுவீடு என்றால் சொதி. தேங்காய்ப்பாலில் காய்கள் மிதக்க, இஞ்சித் துவையலோடு பெண் வீட்டார் பரிமாறி, மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு எழுந்தால்தான் சம்பந்தம் நிலைத்தது என்று கணக்கு. அடுப்பில் சொதி இன்னும் ஒரு கொதிக்குக் காத்திருந்தது. ஆவுடையப்பன் வாட்சைப் பார்த்தார். "பன்னெண்டரைன்னு சொன்னீங்க" என்றார். வெறும் இலையை மடித்துவிட்டு எழுந்துபோனார். அன்றைக்கு அவள் விட்ட மூச்சில் பந்தலே ஒரு முழம் உயர்ந்ததாகப் பார்த்தவர்கள் சொல்வார்கள். அதிலிருந்து பன்னிரண்டு வருஷமாக இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை.

இதை நினைத்துக்கொண்டாள். நினைத்தால் வருவது வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் தானியங்கிக் கதவு யாரோ வருகிறார்கள் என்று நினைத்துத் திறந்து, யாரும் இல்லை என்று தெரிந்து மூடிக்கொண்டது.

மறுபடி திறந்தபோது ஒரு டாக்டர் வெளியே வந்தார். பெர்பெத்துவா. தூத்துக்குடிக் கடற்கரைக்காரி, மயக்க மருந்து டாக்டர், வென்டிலேட்டர் போட்டவர்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

"இப்ப பெருமூச்சு விட்டது யாரு?"

வராந்தா முழுக்க செண்பகவடிவைப் பார்த்தது.

"விடக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கா?" என்றாள் அவள்.

"இல்லம்மா. இன்னொரு தடவை விடுங்க."

"கேட்டா வராது தாயி. மனசு வெறுத்தாத்தான் வரும்."

"நீங்க ஆவுடையப்பன் சாருக்கு என்ன உறவு?"

செண்பகவடிவுக்கு மனசு வெறுத்துவிட்டது. வந்தது.

பெர்பெத்துவா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

மூச்சுச் சட்டை வந்த புதிது அது. பார்க்கக் கையில்லாத தடித்த பனியன் மாதிரி இருக்கும். நோயாளிக்கு ஒன்று, துணைக்கு உட்காருகிறவருக்கு ஒன்று. துணைக்காரர் எப்படி மூச்சு விடுகிறாரோ அதே தாளத்தில் வென்டிலேட்டர் நோயாளிக்குக் காற்றைக் கொடுக்கும். நோயாளியின் நெஞ்சு எங்கே இறுகுகிறது, எங்கே இளகுகிறது என்பதைத் துணைக்காரரின் சட்டை அவர் நெஞ்சில் அமுக்கிக் காட்டும்.

நாட்டில் அது கிளப்பிய புழுதி கொஞ்சமில்லை. ஒரு மச்சினன் அரை நாள் மூச்சு கொடுத்துவிட்டு மாடிப் போர்ஷனை எழுதித் தரச் சொன்னான். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு நெஞ்சளவையும் கேட்டார்கள். ஒரு தலைவருக்கு மூச்சு கொடுக்கக் கட்சிக்காரர்கள் லாரி லாரியாக வந்து இறங்கினார்கள்; சட்டை போட்ட தொண்டர் பழக்க தோஷத்தில் கோஷம் போட, மயக்கத்தில் கிடந்த தலைவரின் நெஞ்சு தனக்குத் தானே வாழ்க போட்டது. கடைசியில் அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டு, யாருக்கு யார் மூச்சு கொடுப்பது என்று வரிசை வகுக்கச் சொன்னது. கமிட்டிப் பெரியவர்களுக்குத் தெரிந்த ஒரே வரிசை கொள்ளி வைக்கிற வரிசை. அதையே, மருமகளை மட்டும் புதிதாக நடுவில் செருகி, எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூத்த மகன், அவன் மனைவி, இளைய மகன், பிறகு பாக்கிச் சொந்தங்கள்.

ஆவுடையப்பனின் இளைய மகன் கனடாவில் இருந்தான். அங்கிருந்து மூச்சு வந்து சேருவதற்குள் இங்கே இருக்கிற மூச்சு போய்விடும். நயினார் உட்கார்ந்து பார்த்தாயிற்று. கோமதியும் பார்த்தாயிற்று.

"ஆபரேஷன் நடக்கும்போது வேற மெஷின் ரத்தத்தைச் சுத்தம் பண்ணும். நுரையீரலுக்கு லீவு" என்று ஆரம்பித்தார் பெர்பெத்துவா. "லீவு முடிஞ்சும் சில பேருக்கு எல்லா அறையும் திறக்காது. சாருக்கு இடது பக்கம் கீழ்த்தளம் முழுக்கப் பூட்டிக் கிடக்கு."

"உதைச்சுத் திறங்க."

"அதுதான் முடியலை. பலூன் ஊதியிருக்கீங்களா?"

"ஸ்போர்ட்ஸ் டேக்கு நான்தானே ஊதுவேன்."

"முதல் ஊதுக்குத்தான் கன்னம் வலிக்கும். கொஞ்சம் காத்து உள்ளே நின்னுட்டா அடுத்த ஊது சுலபம். அதனால மூச்சு வெளியே போனாலும் ஒரு அளவு அழுத்தத்தை நுரையீரலுக்குள்ளே நிறுத்தி வைப்போம். சுருங்கிடக் கூடாதுல்லா."

"கூட நிறுத்தி வைங்களேன். காத்துக்கா பஞ்சம்?"

"பக்கத்துல நேத்து தைச்ச இதயம் இருக்கு. அழுத்தம் கூடினா அதை அமுக்கும். ரத்த ஓட்டம் இறங்கும். குறைச்சா அறை மூடும். நடுவுல நூல் மேல நடக்கணும்." பெர்பெத்துவா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்களும் நானும் அப்பப்போ நம்மளை அறியாமலே ஒரு பெரிய மூச்சு விடுவோம். அதுலதான் மூடின அறை திறக்கும். மெஷினையும் விடச் சொன்னோம். அது கடிகாரம் மாதிரி விடுது. இவர் நெஞ்சு அதுக்குத் திறக்க மாட்டேங்குது. எப்ப விடணும், எவ்வளவு விடணும்னு இன்னொரு நெஞ்சு பக்கத்துல இருந்து சொன்னாத்தான் கேக்கும் போல."

"கடிகாரத்துக்குக் கேக்காதா? இவரா?" செண்பகவடிவுக்கு அதில் ஒரு சந்தோஷம். உடனே முகத்தை மாற்றிக்கொண்டாள். "நான் மாட்டேன் டாக்டரம்மா. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, சம்பந்திக்காரி மூச்சை நிறுத்திட்டான்னு காலத்துக்கும் சொல்லுவாவ. எம் பிள்ளைதான் அந்த வீட்டுல கிடந்து அதைக் கேக்கணும்."

"சரிம்மா. கட்டாயம் இல்லை" என்றார் பெர்பெத்துவா. ஆனால் அவர் கண் கட்டில் பக்கத்துத் திரையில் நின்றது. அதில் ஆக்ஸிஜன் அளவு இறங்கிக்கொண்டிருந்தது.

செண்பகவடிவும் திரையைப் பார்த்தாள். மேலே ஒரு கோடு. அதை மூச்சு என்று யாராவது சொன்னால்தான் தெரியும். குளத்தில் எறும்பு நீந்தினால் அந்த அளவுக்கு அலை எழும்பும். "அது யாரு? நோயாளியா?"

"அது உங்க மருமகன். காலையில சட்டை போட்டிருந்தப்ப பதிவானது."

நயினார் திறந்திருந்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தான். நாற்பது வயசு, வெளியே போனால் நாலு பேரைச் சிரிக்க வைக்கிற ஆள். "அப்பா பக்கத்துல உட்கார்ந்தா எனக்கு அப்படித்தான் அத்தை வருது" என்றான் தரையைப் பார்த்து.

"கீழே இருக்கிறது?"

அது இன்னும் மோசம். முந்தினது எறும்பு என்றால் இது எறும்பின் குட்டி.

பெர்பெத்துவா கொஞ்சம் தயங்கினார். "அது உங்க மக."

"நான் நல்லாத்தான் விட்டேன்மா" என்றாள் அவன் பக்கத்தில் நின்ற கோமதி. உண்மையாகவே அப்படி நம்பிச் சொன்னாள். அதுதான் செண்பகவடிவுக்குத் தாங்கவில்லை.

கோமதி பள்ளிக்கூடக் கபடி அணியில் பாடிப் போகிறவள். கோட்டைத் தாண்டி 'கபடி கபடி' என்று ஆரம்பித்தால், எதிரணிக்காரிகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தாலும் அதே மூச்சு ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, மூச்சு மிச்சமிருக்கிறதே என்று நடுவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் நிறுத்துவாள். அந்தப் பிள்ளையின் மூச்சா இது. மிதியடிக்குக் கீழே தள்ளிவிட்ட தூசி மாதிரி, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஒளிந்து ஒளிந்து போகிற இதுவா.

செண்பகவடிவு பிளாஸ்க்கை மகள் கையில் கொடுத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"அந்தச் சட்டையைக் கொண்டாங்க."

"அம்மா, கோபத்துல வேண்டாம்" என்றாள் கோமதி.

"கோபத்துலதாம்ட்டி. இவரு எந்திரிச்சு வரணும். எம் பிள்ளை மூச்சை எங்க கொண்டு வச்சிருக்கீங்கன்னு நேருக்கு நேர் கேக்கணும். அதைக் கேக்காம இந்த மனுஷனை நான் எங்கயும் போக விட மாட்டேன்."

சட்டையை மாட்டி, நோயாளியின் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, பெர்பெத்துவா ஒரு குமிழைத் திருப்பி உச்சவரம்பு வைத்தார். இந்தப் பக்கம் எவ்வளவு பெரிய மூச்சு வந்தாலும் அந்த வரம்புக்கு மேல் அந்தப் பக்கம் போகாது. சட்டையைச் செய்தவர்கள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பாளையங்கோட்டைக்கு வந்ததில்லை.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஆவுடையப்பனின் நெஞ்சு அவள் நெஞ்சின் மேல் வந்து உட்கார்ந்தது. வலது பக்கம் சுமார். இடது பக்கம், விலாவுக்குக் கீழே, பந்த் அன்றைக்கு ஷட்டரை இறக்கிய கடைத்தெரு மாதிரி கிடந்தது. ஒரு கடை திறந்திருக்க வேண்டுமே. இல்லை.

"இதுக்குத்தான் இந்தப் பாடா" என்று ஒன்றை எடுத்து விட்டாள்.

வரம்பை முட்டிக்கொண்டு மெஷின் முனகியது. ஆவுடையப்பனின் நெஞ்சு கட்டிலிலிருந்து எழும்பியது. திரையில் ரத்த அழுத்தம் மாடிப்படியில் உருட்டிவிட்ட செம்பு மாதிரி தடதடவென்று இறங்கியது.

"அம்மா, பாதி. பாதி போதும். இது மைதானம் இல்லை" என்று பெர்பெத்துவா குமிழுக்குத் தாவினார்.

செண்பகவடிவு பயந்து மூச்சை இழுத்துப் பிடித்தாள். பிடித்ததும் அந்தப் பக்கமும் நின்றது. அந்த ஒரு நொடியில் எது தன்னுடைய நெஞ்சு எது அவருடையது என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று. மெல்ல விட்டாள். ரத்த அழுத்தம் படிப்படியாக ஏறி வந்தது.

அப்புறம் ஒரு வித்தையைக் கண்டுபிடித்தாள். மனசுக்குள் திட்டினால் மூச்சு பெரிதாகிறது. வாய்விட்டு, மெதுவாக, தணிந்த குரலில் திட்டினால் சரியான அளவுக்கு வருகிறது. பன்னிரண்டு வருஷத்துச் சரக்கு கையிருப்பில் இருந்தது.

"அண்ணாச்சி" என்று ஆரம்பித்தாள். "நேரம் நேரம்னு சொன்னீகளே, இப்ப படுத்துக் கிடக்கீகளே, இது எந்த நேரத்துல சேர்த்தி." ஒரு பாதிப் பெருமூச்சு. "எந்திரிங்க. கீழ்க்கடை பூராவும் மூடிக் கிடக்கு. ஆளு வேலை பார்க்கலைன்னா மெமோ கொடுப்பீகளே, உங்க நுரையீரலுக்குக் கொடுத்தீகளா?" இன்னொன்று.

கொஞ்ச நேரத்தில், எண்ணெயில் போட்ட அப்பளம் ஒரு ஓரத்திலிருந்து பொரிவது மாதிரி, இடது பக்கத்தில் ஏதோ படபடவென்று விரிந்தது. திரையில் ஆக்ஸிஜன் ஒரு புள்ளி ஏறியது. பெர்பெத்துவா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததை அங்கே வேலை பார்த்தவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

நர்ஸ் மேஜையில் போன் அடித்தது. உடனே சட்டை செண்பகவடிவின் நெஞ்சை வளைத்து இறுக்கியது. திறந்த அறை பட்டென்று மூடியது.

"என்னாச்சு?" என்றாள் திணறிக்கொண்டு.

"அந்தப் போனை எடுங்க" என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்து நயினார் சைகை காட்டினான். அடிப்பது நின்றதும் இறுக்கம் தளர்ந்தது. அவன் கதவோரம் வந்து நின்றான். "அப்பாவுக்கு எப்பவும் அப்படித்தான் அத்தை. போன் அடிச்சா மூச்சைப் பிடிச்சுக்குவாவ. டிப்போவுல இருக்கும்போது பாபநாசம் மலையில நம்ம வண்டி ஒண்ணு கவிழ்ந்துச்சு. அதுக்கப்புறம் எந்தப் போன் வந்தாலும், எந்த வண்டி எங்க கிடக்கோன்னு... எடுத்துப் பேசி, ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுதான் விடுவாவ. நாங்க எல்லாரும் அதுவரைக்கும் பேசாம நிப்போம்."

"நேரம் நேரம்னு உயிரை எடுத்தது?"

"வண்டி நேரத்துக்கு வந்துட்டா போன் வராதுல்லா."

பெர்பெத்துவா திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "இந்த அறையெல்லாம் நேத்து மூடினது இல்லம்மா. ரொம்ப வருஷமா அரைகுறையாத்தான் திறந்திருக்கு. ஆபரேஷன் ஒரு சாக்கு."

அப்படியானால் எம் பிள்ளை மட்டுமில்லை, இந்த வீட்டில் ஒருத்தரும் முழு மூச்சு விட்டதில்லை; வீட்டுத் தலைவர் உட்பட. இதை நினைத்ததும் திட்டு வற்றிவிட்டது. சரக்கு தீர்ந்தால் அளவு மூச்சு எங்கிருந்து வரும். வேறு வழி தெரியாமல் அவரிடம் சும்மா பேச ஆரம்பித்தாள். கத்திரிக்காய் விலை, ஆற்றில் தண்ணீர் வரத்து, பேத்தி கணக்கில் வாங்கிய மார்க்கு. பேச்சுக்கு நடுவே மூச்சு தானாக வந்து தானாகப் போயிற்று. அப்பளம் பொரிந்துகொண்டே இருந்தது.

மத்தியானம் கோமதி புளியோதரை ஊட்டிவிட்டாள். ஆஸ்பத்திரி ஏசியும் புளியோதரையும் சேர்ந்தால் யானையும் தூங்கும். செண்பகவடிவு தூங்கிப்போனாள்.

விழித்தபோது ஜன்னலில் வெயில் சரிந்திருந்தது. ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. தெரிந்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தூங்கினால் மூச்சு சின்னதாகிவிடும். இவ்வளவு நேரமும் அந்த மனுஷனுக்கு எறும்பு மூச்சுதான் போயிருக்கும். கொன்றுவிட்டேன். சோற்றைத் தின்றுவிட்டுத் தூங்கிச் சம்பந்தியைக் கொன்றுவிட்டேன். கோமதியின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது.

பெர்பெத்துவா அதே ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இருக்காவளா?" செண்பகவடிவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"திரையைப் பாருங்க."

ஆக்ஸிஜன் அவள் தூங்குவதற்கு முன்பு இருந்ததைவிட மேலே இருந்தது. இரண்டு கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக, பெரிய பெரிய அலைகளாக ஓடிக்கொண்டிருந்தன.

"நீங்க தூங்கினதும் உங்க மூச்சு சின்னதாச்சு. சரி, சட்டையைக் கழட்டிட்டு மெஷினுக்கு மாத்தலாம்னு எந்திரிச்சேன். அப்ப ஒரு பெருமூச்சு வந்துச்சு. உங்களதுன்னு நெனச்சேன். இல்லை." பெர்பெத்துவா டீயைக் கீழே வைத்தார். "அவர் விட்டார். சட்டை உங்க நெஞ்சைத் தூக்கிச்சு. தூக்கத்துலயே நீங்களும் விட்டீங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி. அப்ப இருந்து அவர்தான் முந்துறார். நீங்க பின்னால போறீங்க."

"அப்ப எனக்கு அவரு மூச்சு கொடுத்தாரா?"

"அப்படித்தான் வச்சுக்கணும். எந்தக் கமிட்டியும் இதை எழுதலை."

செண்பகவடிவு யோசித்தாள். "இதை வெளிய சொல்லிராதீக டாக்டரம்மா. மாடிப் போர்ஷன் கேப்பாரு."

மறுநாள் காலையில் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தொண்டையிலிருந்து குழாயை எடுத்தார்கள். ஆவுடையப்பன் கண் திறந்தார். முதல் வார்த்தையாக மணி கேட்டார். பெர்பெத்துவாவுக்கு அதில் பரம சந்தோஷம். மூளை நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்.

ஆனால் அபாயம் தீரவில்லை. வார்டுக்கு மாற்றியபோது பெர்பெத்துவா எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்: "இனிமே மெஷின் கிடையாது, சட்டை கிடையாது. தையல் வலிக்குதுன்னு சின்னச் சின்னதா மூச்சு விட்டார்னா கீழ்த்தளம் திரும்ப மூடிரும். மூடினா திரும்பக் குழாய் போடணும். இரண்டாவது தடவை போட்டா எடுக்கிறது லேசு இல்லை. பெரிய மூச்சு விடணும், இருமணும், பேசணும். சிரிச்சா ரொம்ப நல்லது."

மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே போகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார்கள். ஆவுடையப்பன் அதை ஒரு தடவை பார்த்தார். "இது பிள்ளைக விளையாடுறது" என்று மேஜையில் வைத்துவிட்டார். சாயந்தரத்துக்குள் விரலில் மாட்டிய கருவியில் எண் இறங்க ஆரம்பித்தது. பெர்பெத்துவா இரண்டு தடவை வந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் போனார். அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது.

நயினாரும் கோமதியும் கஞ்சி வாங்கக் கீழே போயிருந்த நேரம் பார்த்து செண்பகவடிவு உள்ளே போனாள். கேள்வியைக் கமா, முற்றுப்புள்ளி வைத்துத் தயாராக வைத்திருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

"சம்பந்தியம்மா" என்றார் ஆவுடையப்பன் முந்திக்கொண்டு. குழாய் எடுத்த தொண்டை. பாதி காற்று, பாதி சொல். "மயக்கத்துல ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுதாவ. எனக்குத் தெரிஞ்சுது. முதல்ல ஒருத்தர் வந்து நெஞ்சு மேல உட்கார்ந்தாரு. மூச்சே இல்லை. பொணம்னு நெனச்சேன். யாரு அது?"

"உங்க மகன்."

"அடுத்து வந்தது? கதவு இடுக்குல நின்னுக்கிட்டு உள்ள வரலாமா வேண்டாமான்னு பார்க்கிற மாதிரி."

"எம் மக."

"அப்புறம் லோடு லாரி ஒண்ணு ஏறிச்சு."

"அது நான்."

"அது தெரியும்." மின்விசிறியைப் பார்த்தார். "எனக்குப் பயந்தா?"

தயாராக வைத்திருந்த கேள்வி செண்பகவடிவின் வாயிலேயே கரைந்துவிட்டது. அதை அவரே கேட்டுக்கொண்டு விட்டாரே. எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. "நான் என்னத்தைச் சொல்ல அண்ணாச்சி" என்றாள்.

வெளியே வராந்தாவில் நயினாரும் கோமதியும் வருகிற சத்தம். அவன் ஏதோ சொல்ல, அவள் 'போங்க, பொய்யி' என்று சொல்ல, இரண்டு குரலும் கலகலவென்று நெருங்கி வந்தன. கதவுக்கு நாலு எட்டு முன்னால், குழாயைத் திருகி மூடியது மாதிரி நின்றன. செருப்புச் சத்தம்கூட மெலிந்தது.

ஆவுடையப்பன் அதைக் கேட்டார். எத்தனையோ வருஷமாக அவர் வீட்டில் அது தினம் நடந்திருக்கும், அன்றைக்குத்தான் கேட்டார்.

"நான் தூங்குதேன்னு சொல்லிருங்க" என்றார்.

"தூங்குதீகளா?"

"சொல்லுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கதவைத் திறந்து இரண்டு பேரும் பூனை நடை நடந்து வந்தார்கள்.

"சும்மா நடங்க" என்றாள் செண்பகவடிவு. "இப்பத்தான் தூங்கினாவ. ஊசி போட்ட தூக்கம். தலைமாட்டுல நாதஸ்வரம் வாசிச்சாலும் எந்திரிக்க மாட்டாவ."

நயினார் நம்பாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். கோமதி கஞ்சியை மூடி வைத்தாள். சும்மா இருந்தார்கள். செண்பகவடிவு பார்த்தாள், இது ஆகாது.

"வெளிய என்னமோ சொல்லிக்கிட்டு வந்தீகளே மாப்பிள்ளை. என்ன பொய்யி?"

"பொய் இல்லை அத்தை, சத்தியம்." நயினார் ஒரு தடவை அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான். "நான் பிளஸ் டூ படிக்கும்போது ஒரு நாள் ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு அப்பா டிப்போவுல நின்ன பஸ்ல ஏறிப் படுத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து அப்பா செக்கிங் வந்துட்டாவ. பின் சீட்டுக்கு அடியில நுழைஞ்சிட்டேன். வண்டியை எடுத்துட்டாங்க. தென்காசி வண்டி."

"டிக்கெட்?" என்றாள் செண்பகவடிவு.

"சீட்டுக்கு அடியில யாரு டிக்கெட் கொடுப்பா? ஆலங்குளத்துல கண்டக்டர் என் காலைப் பார்த்துட்டாரு. குதிச்சு ஓடிட்டேன். அவரு டிப்போவுல வந்து ரிப்போர்ட் எழுதிட்டாரு, டிக்கெட் இல்லாத பயணி தப்பி ஓட்டம்னு." அவன் குரல் தானாக ஏற ஆரம்பித்தது. "அப்பா அதை விடலை அத்தை. மாசக்கணக்கா விசாரணை. ஆலங்குளத்துக்கே நேர்ல போயி, ஒவ்வொரு கடையா நின்னு அடையாளம் கேட்டாவ. தினம் சாப்பிடும்போது இதே பேச்சு. 'அவன் எப்படித் தப்பிச்சிருப்பான் தெரியுமாலே? எங்க டிப்போவுல ஒருத்தன் உடந்தையா இருக்கணும்லே.' நான் ரசத்தை ஊத்திக்கிட்டே, 'ஆமாப்பா, உள்ளாளாத்தான் இருக்கணும்'னு சொன்னேன். 'பாத்தியா, பிள்ளைக்குத் தெரியுது, என் செக்கருக்குத் தெரியலை'ன்னு எனக்கு ஒரு அப்பளம் கூட வச்சாவ."

கோமதி சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். பொத்திய விரல்களைப் பிய்த்துக்கொண்டு அது வெளியே வந்தது. பழைய கபடிச் சிரிப்பு, ஒரே மூச்சு, முடிகிற மாதிரித் தெரியவில்லை. எதிர் வார்டில் மூடிக் கிடந்த நுரையீரல்கள் இரண்டு மூன்று அன்றைக்குத் திறந்திருக்கும்.

சத்தம் கேட்டு பெர்பெத்துவா கதவைத் தள்ளிப் பார்த்தார். விரல் கருவியின் எண்ணைப் பார்த்தார். அது ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே வராமல், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

"மெதுவாட்டி" என்று நயினாரே பதறினான். "அப்பா எந்திரிச்சிருவாவ."

செண்பகவடிவு கட்டிலைப் பார்த்தாள். ஆவுடையப்பனின் முகம் கல் மாதிரி இருந்தது. கண் இமை அசையவில்லை. ஆனால் தையல் போட்ட நெஞ்சு வலியோடு வலியாக ஏறி ஏறி இறங்க, போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த கால் பெருவிரல் குலுங்கு குலுங்கு என்று குலுங்கியது.

அவள் எழுந்துபோய் போர்வையை இழுத்து அந்த விரலை மூடினாள்.

"அவுக எந்திரிக்க மாட்டாவ. நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை" என்றாள். "ஆலங்குளத்திலிருந்து எப்படி வீடு வந்து சேர்ந்தீக?"